கன்னியாகுமரிக் கடற்கரைப் படகுகளும் பரப்பு மாதிரியாக்கமும்

கணினிவழி வடிவமைப்பு மென்பொருள்களில் வளைந்த புறவடிவங்களை உருவாக்கும் முறைகளின் தொகுதி பரப்பு மாதிரியாக்கம் எனப்படுகிறது. கார், விமானம், கப்பல், வீட்டுச் சாமான் ஆகியவற்றின் புறத்தோற்றம் இம்முறைகளால் வடிவமைக்கப்படுகிறது. இதன் வேர்கள் கணினியைவிடப் பழையவை; கப்பல் கட்டும் தொழிலிலிருந்து வந்தவை. தென்தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் கட்டுமரம், பிளைவுட் படகு, ஃபைபர் படகு என்று அடுத்தடுத்து வந்த மூன்று கலங்களை எடுத்துக்கொண்டால், பரப்பு மாதிரியாக்கத்தின் அடிப்படைக் கருத்துகள் மூன்றும் அவற்றில் வரிசையாகக் காணக் கிடைக்கின்றன. அவ்வகையில் இம்மாவட்டத்தின் படகு வரலாறு, இத்துறையைக் கற்கும் மாணவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

திண்மமும் பரப்பும்

கணினியில் முப்பரிமாண வடிவத்தை மூன்று வகைகளில் குறிக்கலாம். விளிம்புகளை மட்டும் கோடுகளாகக் காட்டுவது கம்பிச்சட்ட மாதிரி. பொருளின் தோலை மட்டும், தடிமன் இல்லாத ஒரு போர்வையாகக் காட்டுவது பரப்பு மாதிரி. உள்ளே நிறைந்திருக்கும் கனத்தையும் சேர்த்துக் காட்டுவது திண்ம மாதிரி.

இவற்றில் பரப்பு மாதிரி மிகுந்த சுதந்திரம் தருவது. எந்த வளைவையும் அதில் வரையலாம். ஆனால் அதற்கு ஒரு குறையும் உண்டு. பல துண்டுப் பரப்புகளை அடுத்தடுத்துப் பொருத்தித்தான் முழு வடிவம் கிடைக்கிறது. இரண்டு துண்டுகளுக்கிடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் மென்பொருளால் அவ்வடிவத்தின் கனஅளவைக் கணக்கிடவோ, அதைத் திண்மமாக மாற்றவோ இயலாது. வடிவமைப்பாளர்கள் இடைவெளி இல்லாத மாதிரியை 'நீர்புகா' மாதிரி என்றே குறிப்பிடுகின்றனர். படகுத் தொழிலில் இச்சொல் உவமை அல்ல. உயிர் தொடர்பான செய்தி.

கட்டுமரம்: வரைபடம் இல்லாத வடிவம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரத்திலிருந்து மேற்கே நீரோடி வரை நீள்கிறது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் முதலிய ஊர்கள் இதில் அடங்கும். துறைமுக வசதி வருமுன் இக்கரையில் பெரும்பாலான கலங்கள் மணலிலிருந்தே கடலில் இறங்கி, மணலிலேயே ஏறின. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கரையோரம் உடையும் அலைகளைத் தாண்டிச் செல்வதே தொழிலின் கடினமான பகுதி.

இந்தச் சூழலுக்குப் பொருந்தியது கட்டுமரம். எடை குறைந்த மரத்தடிகளைச் செதுக்கி, பக்கம்பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டிய கலம் அது. ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' என்ற சொல் இத்தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது; ஆயினும் இன்று அச்சொல் இரட்டை உடல் கொண்ட வேறு வகைக் கலத்தைக் குறிக்கிறது. அலை கட்டுமரத்தின் மேல் ஏறி, தடிகளுக்கிடையே வழிந்துவிடும். கவிழ்ந்தாலும் அது மூழ்காது. கரை சேர்ந்ததும் தடிகளை அவிழ்த்து உலர வைப்பார்கள்.

மாதிரியாக்கத்தின் மொழியில் சொன்னால் கட்டுமரம் ஒரு திண்ம மாதிரி. அதன் மிதப்பு மரத்தின் கனத்தில் இருக்கிறது, தோலில் இல்லை. ஒரு கீறலோ ஓட்டையோ அதை மூழ்கடிக்காது. செதுக்கும் ஆசாரி தடியின் இயல்பான வளைவைப் பார்த்து, அணியம் எங்கே மேல்நோக்கி உயரவேண்டும் என்பதை முடிவு செய்தார். இதற்குத் தாளில் வரைபடம் தேவைப்படவில்லை. முந்தைய கட்டுமரமே அடுத்த கட்டுமரத்துக்கு வரைபடம்.

வள்ளம் இதற்கு நேர்மாறானது. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய வள்ளங்கள் பழைய திருவிதாங்கூர்க் கடற்கரையில் நெடுங்காலம் புழங்கின. கன்னியாகுமரி மாவட்டமும் முதலில் திருவிதாங்கூரிலும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. வள்ளத்தின் உள்ளே இருப்பது காற்று. அதை மிதக்க வைப்பது பலகைத் தோல். எனவே ஒவ்வொரு தையலும் நீர்புகாததாக இருந்தே ஆகவேண்டும். திண்மத்திலிருந்து பரப்புக்கு மாறும்போது கலத்தில் இடம் கூடுகிறது. கூடவே ஆபத்தும் கூடுகிறது.

வளைகோலும் வரைதளமும்

வள்ளத்தைவிடப் பெரிய கப்பல்களைக் கட்டிய ஐரோப்பியத் தளங்களில், கப்பலின் வளைவுகளை முழு அளவில் ஒரு பெரிய மரத்தளத்தின் மேல் வரையும் வழக்கம் உருவானது. நீண்ட, மெல்லிய மரச்சட்டம் ஒன்றைத் தேவையான புள்ளிகளின் வழியே வளைத்து, அது நகராதபடி ஈயக் கட்டிகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கோடு போட்டனர். வளையும் இச்சட்டத்துக்கு 'ஸ்பிளைன்' என்று பெயர். தமிழில் வளைகோல் எனலாம். ஈயக் கட்டிகளின் வடிவத்தால் அவற்றை 'வாத்து' என்று அழைத்தனர்.

வளைகோலின் சிறப்பு அதன் இயற்பியலில் இருக்கிறது. இரண்டு வாத்துகளுக்கிடையே சட்டத்தின்மேல் வேறு விசை இல்லாததால், அது தன்னால் இயன்ற அளவு குறைவாக வளைந்து நிற்கும். வளைவு சிறிதாக இருக்கும்போது இவ்வடிவம் ஒரு முப்படிப் பல்லுறுப்புக்கோவையாக அமைவதைக் கட்டமைப்புக் கணக்கு காட்டுகிறது. இன்றைய மென்பொருள்களில் முப்படி வளைவுகள் மிகுதியாகப் பயன்படுவதன் பின்னணியில் இந்த மரச்சட்டம் இருக்கிறது. 1946-இல் கணிதவியலாளர் ஐசக் ஷோன்பெர்க், துண்டுதுண்டாக இணையும் பல்லுறுப்புக்கோவைகளுக்கு 'ஸ்பிளைன்' என்ற இத்தொழிற்சொல்லையே பெயராக வைத்தார்.

கணினிக்குள் வந்த வளைவு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலைகளுக்கு ஒரே வடிவத்தைப் பல ஊர்களில், பல கைகள் பிழையின்றிச் செய்யவேண்டிய தேவை வந்தது. மரச்சட்டத்தால் வரைந்த கோட்டைத் துல்லியமாகத் தபாலில் அனுப்ப முடியாது, எண்களை அனுப்பலாம். அமெரிக்காவின் நார்த் அமெரிக்கன் நிறுவனத்தில் ராய் லைமிங், பி-51 மஸ்டாங் போர்விமானத்தின் வளைவுகளைக் கூம்பு வெட்டுகளின் சமன்பாடுகளாக எழுதினார். 1944-இல் வெளியான அவரது நூல் அம்முறையை விளக்குகிறது.

அடுத்த கட்டத்துக்குக் கார் நிறுவனங்கள் வழி வகுத்தன. பிரான்சின் சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ 1959-இல் ஒரு வளைவுமுறையைக் கண்டறிந்தார். நிறுவனம் அதை ரகசியமாக வைத்திருந்தது. ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே 1960-களில் அதே வளைவை வேறு வழியில் அடைந்து வெளியிட்டதால், அது பெசியே வளைவு என்று பெயர் பெற்றது.

இம்முறையின் கணக்கு எளிது. ஒரு படகின் பாதிக் குறுக்குவெட்டை எடுத்துக்கொள்ளலாம். அடிமரத்தில் (0, 0), பக்கவாட்டில் (0.8, 0), மேல் விளிம்பில் (0.8, 0.6) என்று மீட்டர் அளவில் மூன்று கட்டுப்பாட்டுப் புள்ளிகள் உள்ளன. முதல் இரண்டின் நடுப்புள்ளி (0.4, 0). அடுத்த இரண்டின் நடுப்புள்ளி (0.8, 0.3). இவ்விரண்டின் நடுப்புள்ளி (0.6, 0.15). வளைவு இக்கடைசிப் புள்ளி வழியே செல்கிறது. பாதிக்குப் பதிலாகக் கால், முக்கால் என்று வேறு விகிதங்களை எடுத்தால் வளைவின் மற்றப் புள்ளிகள் கிடைக்கும். நடுவிலுள்ள கட்டுப்பாட்டுப் புள்ளியை வளைவு தொடுவதில்லை. அதன் பக்கம் இழுக்கப்படுகிறது. அப்புள்ளியை நகர்த்தினால் வயிறு பெருத்த படகும் ஒடுங்கிய படகும் கிடைக்கும்.

ஒரு திசையில் வளைவு, குறுக்குத் திசையில் மற்றொரு வளைவு என்று இரண்டையும் சேர்த்தால் பரப்பு கிடைக்கிறது. போயிங் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஃபெர்குசன், எம்.ஐ.டி.-யின் ஸ்டீவன் கூன்ஸ் ஆகியோர் 1960-களில் இத்தகைய பரப்புத் துண்டுகளை உருவாக்கினர். கூன்ஸ் முறையில் நான்கு விளிம்பு வளைவுகளைக் கொடுத்தால் நடுப்பரப்பு தானே நிரம்பும். கப்பல் துறையும் பின்தங்கவில்லை: கப்பலின் கோடுகளைக் கணினியில் சீராக்கும் முறை பற்றிய ஆய்வுக்கட்டுரை அமெரிக்காவில் 1961-இலேயே வெளிவந்தது. 1973-இல் ரிச்சர்ட் ரீசன்ஃபெல்ட் பி-ஸ்பிளைன் வளைவுகளை வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார். 1975-இல் கென்னத் வெர்ஸ்ப்ரில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் புள்ளிக்கும் ஓர் எடை சேர்த்த வடிவத்தை ஆராய்ந்தார். அதன் பொதுவடிவமே இன்று பெரும்பாலான கேட் மென்பொருள்கள் பயன்படுத்தும் 'நர்ப்ஸ்' பரப்பு. வட்டம், நீள்வட்டம் போன்ற பழைய வடிவங்களையும் கட்டற்ற வளைவுகளையும் ஒரே முறையில் துல்லியமாகக் குறிக்க முடிவது இதன் பலம்.

முட்டத்துப் பிளைவுட் படகு

உலகின் மறுபக்கத்தில் இக்கணிதம் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், கன்னியாகுமரிக் கடற்கரையில் வேறொரு சிக்கல் முற்றிவந்தது. கட்டுமரத்துக்குத் தேவையான பருத்த, எடை குறைந்த மரத்தடிகள் அரிதாகி விலை ஏறின. காடுகள் குறைந்ததே காரணம். புதிய மரம் வாங்க முடியாத மீனவருக்குத் தொழிலே கேள்விக்குறியானது.

இதற்கு மாற்றுத் தேடும் முயற்சி முட்டத்தில் நடந்தது. கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகசேவைச் சங்கத்தோடு தொடர்புடைய படகுகட்டும் மையத்தில், பெல்ஜிய நாட்டவரான பியர் ஜிலே உள்ளூர்த் தொழிலாளர்களோடு சேர்ந்து பிளைவுட் படகுகளை உருவாக்கினார். 1973-இல் 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' என்ற நூலை எழுதிய ஷூமாக்கர் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப இயக்கத்தின் தாக்கம் இம்முயற்சியில் இருந்தது. ஜிலே 1985-இல் இந்த அனுபவத்தை நூலாக்கியபோது, அத்தலைப்பைச் சற்றே திருப்பி 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்று பெயரிட்டார். சிறியது அழகானது மட்டுமல்ல, கடினமானதும்கூட என்பதே அதன் உட்பொருள். 1980-இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, பின்னர் பிளைவுட் படகுகளைக் கேரளத்திலும் தென்தமிழ்நாட்டிலும் பரப்பியது.

இப்படகுகளுக்குரிய கட்டுமுறை 'தைத்து ஒட்டுதல்' ஆகும். மரைன் பிளைவுட் தகடுகளை உரிய வடிவில் வெட்டி, விளிம்புகளில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து இழுப்பர். தட்டையான தகடுகள் அப்போது தாமாகவே படகாக எழும்பும். பிறகு மூட்டுகளின்மேல் கண்ணாடி இழை நாடாவும் ரெசினும் இட்டு இறுக்குவர். கயிற்றால் பலகை தைத்த வள்ளத்தை அறிந்த கரைக்குத் தைத்தல் புதிதல்ல. பொருள் மட்டுமே புதிது.

விரிக்கத்தக்க பரப்பு

பிளைவுட் வந்ததும் வடிவத்துக்கு ஒரு கடுமையான கட்டுப்பாடும் வந்தது. மரத்தடியை எப்படியும் செதுக்கலாம். பிளைவுட் தகடு ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே வளையும்.

இதைச் சுண்டல் பொட்டலத்தால் விளங்கிக்கொள்ளலாம். தாளைச் சுருட்டினால் கூம்பாகிறது. விரித்தால் மீண்டும் தட்டையாகிறது. கசங்குவதும் இல்லை, கிழிவதும் இல்லை. அதே தாளை ஒரு தேங்காய்மேல் போர்த்தினால் சுருக்கம் விழாமல் ஒட்டாது. கூம்பும் உருளையும் விரிக்கத்தக்க பரப்புகள். தேங்காயின் பரப்பு அவ்வாறானது அன்று. அது இரு திசையிலும் வளைந்தது. ஆய்லர் 1770-களில் விரிக்கத்தக்க பரப்புகளை ஆராய்ந்தார். கௌஸ் 1820-களில், பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் வளைத்தால் மாறாத வளைவளவு ஒன்று உண்டு என்று நிறுவினார். தட்டைத் தகட்டுக்கு அது சுழியம். எனவே அத்தகட்டால் செய்யும் எந்த வடிவத்துக்கும் எங்கும் சுழியமாகவே இருக்கவேண்டும்.

படகு வடிவமைப்பாளர் இரண்டு விளிம்பு வளைவுகளை முதலில் வரைகிறார்: அடிமரத்தின் கோடு, அடித்தகடும் பக்கத்தகடும் சேரும் மடிப்பின் கோடு. இரண்டையும் நேர்கோடுகளால் இணைத்தால் கிடைப்பது கோட்டுப் பரப்பு. எல்லாக் கோட்டுப் பரப்பும் விரிக்கத்தக்கது அன்று. ஒவ்வொரு நேர்கோட்டின் இரு முனைகளிலும் பரப்பைத் தொடும் தளம் ஒன்றாகவே இருந்தால்தான் விரிக்கலாம். முனைக்கு முனை தளம் திரும்பினால் பரப்பு முறுக்கிக்கொள்ளும். கேட் மென்பொருள்களில் 'கோட்டுப் பரப்பு', 'விரிக்கத்தக்க பரப்பு' என்று இரண்டு தனிக்கட்டளைகள் இருப்பதன் காரணம் இதுவே. முதலாவதைப் பயன்படுத்திப் படகு வரையும் மாணவர் திரையில் அழகான வடிவைக் காண்பார்; வெட்டிய தகடுகள் பட்டறையில் சேராது.

சேராத தகட்டைப் பலவந்தமாக இழுத்துக் கட்டவும் முடியும். பிளைவுட் கொஞ்சம் முறுக்கத்தைத் தாங்கும். ஆனால் அந்த இறுக்கம் மூட்டுக்குள் தங்கிவிடுகிறது. கரையோர அலையில் மோதி, மணலில் இழுபட்டு, மீண்டும் மீண்டும் அதிரும் படகில் அந்த மூட்டு முதலில் வாய் திறக்கும். திரையில் கவனியாத ஒரு முறுக்கம் கடலில் ஓட்டையாகிறது. கட்டுமரத்தில் ஓட்டை என்றொரு சிக்கலே இல்லை என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். இதனாலேயே வெற்றுடல் படகுகளில் நுரைப்பொருள் நிரப்பிய மிதப்பறைகள் தேவைப்படுகின்றன. பரப்பாக மாறிய கலத்துக்குள் திண்மத்தின் பாதுகாப்பைச் சிறிதளவு திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு அது.

தகட்டின் அளவும் ஒரு கட்டுப்பாடு. பிளைவுட் பொதுவாக 8 அடிக்கு 4 அடி அளவில் வருகிறது. நீளமான படகுக்கு இரண்டு தகடுகளின் விளிம்புகளைச் சரிவாகச் சீவி ஒட்டுவர். சரிவு 1-க்கு 8 என்றால், 6 மி.மீ. தகட்டில் ஒட்டும் அகலம் 48 மி.மீ. வடிவமைப்பவர் விரித்த வடிவத்தை இத்தகடுகளில் வீணின்றி அடுக்கவேண்டும். மீதித்துண்டின் விலையும் மீனவர் தலையில்தான் விழும்.

இவ்வளவும் கணினியின்றிச் செய்யக்கூடியதே. பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையை வெட்டி ஒட்டிப் பார்த்தால், விரிக்க இயலாத வடிவத்தை அட்டையே காட்டிக்கொடுத்துவிடும். கணினி செய்வது, அந்தச் சோதனையை நொடிகளில் பலமுறை செய்துபார்ப்பது.

ஃபைபர் படகும் அச்சும்

பிளைவுட்டுக்குப் பின் ஃபைபர் படகுகள் கடற்கரைகளில் பெருகின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை குளச்சல், மணக்குடி முதலிய ஊர்களைத் தாக்கிக் கலங்களை அழித்தபின், தமிழகக் கடற்கரையில் நிவாரணமாக வந்த படகுகளில் ஃபைபர் படகுகள் மிகுதி.

ஃபைபர் படகுக்கு விரிக்கத்தக்க பரப்பு என்ற கட்டுப்பாடு இல்லை. முதலில் ஒரு மூலவடிவம் செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அச்சுக்குள் கண்ணாடி இழையும் ரெசினும் அடுக்கிப் படகை வார்க்கின்றனர். எந்த வளைவும் கிடைக்கும். ஆனால் புதிய விதிகள் சில வருகின்றன. வார்த்த படகை அச்சிலிருந்து வெளியே எடுக்கவேண்டும். பக்கங்கள் உள்நோக்கிச் சாய்ந்தால் அது சிக்கிக்கொள்ளும். ஆகவே சுவர்களுக்குச் சரிவுக்கோணம் தேவை. இழை அடுக்குகளுக்குத் தடிமன் உண்டு. எனவே வெளிப்பரப்புக்கு இணையாக உள்ளே இன்னொரு பரப்பை விலக்கி வரையவேண்டும். மென்பொருளின் 'சரிவு ஆய்வு', 'இணைவிலக்கம்' ஆகிய கட்டளைகள் இவற்றுக்கானவை.

துண்டுகள் சேரும் இடத்தின் தொடர்ச்சியும் கவனத்துக்குரியது. விளிம்புகள் தொட்டால் மட்டும் போதும் என்பது ஜி-0. இருபுறமும் ஒரே திசையில் தொடர்வது ஜி-1. வளைவின் அளவும் ஒத்துப்போவது ஜி-2. பிளைவுட் படகின் மடிப்பு ஜி-0 தொடர்ச்சி. ஃபைபர் படகின் வழுவழுப்பான வயிற்றுக்கு ஜி-2 தேவைப்படலாம். கண்ணால் காண அரிய குறைகளைக் கண்டறிய, மென்பொருள் பரப்பின்மேல் வரிக்குதிரைக் கோடுகளைப் பிரதிபலிக்கச் செய்கிறது. கோடு மூட்டில் உடைந்தால் ஜி-0. தொடர்ந்தும் மூலை மடங்கினால் ஜி-1. சீராக ஓடினால் ஜி-2. மூலவடிவத்தின்மேல் உள்ளங்கையைத் தடவிப் பார்க்கும் ஆசாரி செய்வதும் இதே சோதனைதான்.

அச்சு வந்ததால் மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. கட்டுமரத்தின் வடிவம் செதுக்குபவரின் கையில் இருந்தது. கடலுக்குப் போகிறவர் சொன்ன திருத்தம் அடுத்த மரத்தில் ஏறியது. பிளைவுட் படகின் வடிவம் வெட்டுமாதிரிகளில் இருந்தது. அதையும் அடுத்த படகில் ஓரளவு மாற்றலாம். அச்சில் வார்க்கும் படகில், அச்சு செய்தவர் தீர்மானித்ததே எல்லாப் படகுக்கும் வடிவம். அச்சில் உள்ள பிழையும் அத்தனை படகுகளிலும் இருக்கும். முட்டத்து அலைக்கும் வேறொரு கரையின் அலைக்கும் ஒரே அச்சு பொருந்தவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் புதிய அச்சின் செலவு அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த விடுவதில்லை.

இன்றைய மென்பொருள்களும் பயனும்

இப்போது மாணவர்களுக்குக் கிடைக்கும் கருவிகள் பல. ரைனோ மென்பொருள் நர்ப்ஸ் பரப்புகளை அடிப்படையாகக் கொண்டது. 1998-இல் முதல் பதிப்பு வெளிவந்தது. ஃபிரீஷிப், டெல்ஃப்ட்ஷிப் ஆகியவை படகுகளுக்கென்றே எழுதப்பட்டவை. இவை பிரிப்புப் பரப்பு என்ற முறையைப் பயன்படுத்துகின்றன: சில புள்ளிகளைக் கொண்ட கரடுமுரடான கூட்டை மீண்டும் மீண்டும் பிரித்து மழுங்கச் செய்தால் வழுவழுப்பான பரப்பு கிடைக்கும். 1978-இல் எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் ஆகியோர் வெளியிட்ட முறை இவ்வகையில் புகழ்பெற்றது. ஃபிரீகேட், பிளெண்டர் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் பொதுவான மென்பொருள்கள்.

மென்பொருளின் திசை ஒன்று மட்டுமல்ல. இருக்கும் பொருளைப் பல கோணங்களில் ஒளிப்படம் எடுத்து, அப்படங்களிலிருந்து புள்ளித்திரளைக் கணித்து, புள்ளிகளின்மேல் பரப்பைப் பொருத்தும் பின்னோக்கு வடிவமைப்பும் இன்று எளிதாகிவிட்டது. வரைபடம் இல்லாமல் செதுக்கப்பட்ட கட்டுமரங்களின் வடிவத்தை இம்முறையில் பதிவு செய்யலாம். தடிகள் உளுத்துப்போனால் அவ்வடிவத்துக்கு வேறு சான்று இல்லை.

எனினும் புள்ளித்திரளால் வடிவத்தைத் தரமுடியுமே தவிர, காரணத்தைத் தரமுடியாது. அணியம் அவ்வளவு ஏன் உயர்ந்தது, ஒரு கரையின் மரம் அடுத்த கரையின் மரத்தைவிட ஏன் ஒடுங்கியது என்பவற்றுக்கு விடை, அதைச் செதுக்கியவரிடமும் அலையைத் தாண்டி ஓட்டியவரிடமும் உள்ளது. அளவெடுப்பவர் அவர்களிடம் கேட்டு எழுதும் குறிப்பும் பரப்போடு சேர்ந்தால்தான் பதிவு முழுமை பெறும்.

மரச்சட்டத்தின் வளைவு கணிதமானது. கணிதம் மென்பொருள் கட்டளையானது. மரம், தகடு, இழை ஒவ்வொன்றும் தான் ஏற்கும் பரப்பைத் தானே வகுத்துக்கொண்டது. திரையில் எந்தப் பரப்பையும் வரைய முடியும் என்பதால், எப்பொருளால் அது செய்யப்படும், எந்தக் கடலில் இறங்கும் என்பதை வரையுமுன் கேட்கவேண்டிய பொறுப்பு வடிவமைப்பவரைச் சேர்கிறது.